நகர்ந்து கிடந்த கல்

மே 14, புதன்

பதவி உயர்வு உத்தரவு வந்துவிட்டது. வங்கியில் இத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்திய செண்பகவல்லி இனிமேல் அதிகாரியாம். ஊர் பட்டுக்கோட்டை. கோவில்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகல் போய்விடும். சம்மதமா இல்லையா என்று ஜூன் பதின்மூன்றுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கபிலன் கைக்குழந்தையாக இருந்தபோது இதே மாதிரி ஒன்று வந்தது. யோசிக்காமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவையும் மறுத்தால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று மேலாளர் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு ஊர்க்கோயில் சாமியின் பெயர், பூவநாதன். எனக்கு அம்மன் பெயர். ஜாதகத்தைவிடப் பெயரைப் பார்த்துத்தான் எங்களைக் கட்டி வைத்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிட்டு வா செம்பகம், பாத்துக்கலாம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்துக்கலாம் என்று சொன்னதை எல்லாம் பார்த்துக்கொண்டது நான்தான். நிரஞ்சனா இந்த வருடம் பிளஸ் டூ. அவளும் போ என்றாள். கபிலன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். பட்டுக்கோட்டையில் கடல் இருக்கிறதா என்று கேட்டான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவராவது நீ இல்லாமல் எப்படி என்று கேட்டிருக்கலாம்.

மே 16, வெள்ளி

காலையில் கபிலன் துண்டு எங்கே என்று கேட்டான். கொடியில். அவர் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். நெற்றியில். நிரஞ்சனா குடித்த காப்பி டம்ளர் குடித்த இடத்திலேயே இருந்தது. இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு நான் பட்டுக்கோட்டைக்குப் போக வேண்டுமாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பொரிந்து தள்ளிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்த நிரஞ்சனா, "அப்ப ஒரு மாசம் எங்ககிட்ட விட்டுப் பாரு. வீடு ஓடுச்சுன்னா நீ போ. ஓடலைன்னா போகாத" என்றாள். கபிலன் கையை நீட்டி ஒப்பந்தம் என்றான். அவர் சரி என்றார், வழக்கம்போல. திங்கட்கிழமையிலிருந்து வீடு அவர்கள் பொறுப்பு. நான் விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போக வேண்டும். தீர்ப்புச் சொல்வது நான்.

"நடுவுல நீ கை வைக்கக் கூடாதும்மா" என்றாள் நிரஞ்சனா. நான் ஏன் கை வைக்கப்போகிறேன் என்று கேட்டேன்.

மே 18, ஞாயிறு

இன்று முழுக்க வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டிவிட்டது.

பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிறவர்கள் முதல் நாளே சாம்பாரில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் ஆயிரம் வேலை. அலுத்துப்போய் அத்தோடு அடுப்படியை விட்டு ஓடிவிடும் பிள்ளைகள். நான் சோறு, ரசம், முட்டை என்று நிறுத்திக்கொண்டேன். இது தெரிந்தால் எந்த ஊரிலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காஸ் சிலிண்டர் மாற்றுவதைக் கபிலனுக்குக் காட்டினேன். மாற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார்க்கச் சொன்னேன். வேண்டுமென்றே கொஞ்சம் தளர விட்டு, குமிழியை அவன் கண்ணாலேயே பார்க்க வைத்தேன். இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். காய்ச்சல் மாத்திரை எது, தலைவலி மாத்திரை எது என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் இரண்டு அட்டையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் தண்ணீர். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் மேலும் ஓரிரு நாள் தள்ளிப்போகும். வருவது விடியலில். இன்ன நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் நாள் நெருங்கியதும் தொட்டிக்குப் போகிற வால்வை மூடி, வாசல் குழாயைத் திறந்து வைத்து, அடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டுப் படுப்போம். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம்தான் அலாரம். முதலில் செம்மண் கலரில் வரும். அது ஓடித் தெளிந்ததும் குழாயை அடைத்துவிட்டு, பக்கத்துக் குழியில் இருக்கிற வால்வைத் திறந்து தரைத்தொட்டிக்குத் திருப்ப வேண்டும். குழிக்கு மேல் ஒரு சப்பட்டைக் கல் மூடியிருக்கும். கல்லை நகர்த்தி, உள்ளே கையை விட்டுத் தடவித்தான் திருப்ப வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவை விட்டுவிட்டால் அடுத்த தடவை வரை நாறிப்போகும் பிழைப்பு.

இதை நிரஞ்சனா எடுத்துக்கொண்டாள். இவ்வளவு காலமும் அந்தக் குடம் என்னைத் தவிர வேறு யாரையும் எழுப்பியதில்லை.

மே 21, புதன்

ரசம் வெறும் வெந்நீர். கபிலன் தன் சிவப்பு பனியனோடு அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுத் துவைத்துவிட்டான். அவர் ரோஸ் கலர் சட்டையில் கடைக்குப் போயிருக்கிறார். மோட்டார் சைக்கிள் உதிரி பாகக் கடையில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை என்று சமாதானம் வேறு.

நான் கை வைக்கவே இல்லை. துணி காற்றில் விழுந்துவிடும் போலிருந்ததால் கிளிப் மட்டும் போட்டேன். ரசத்தில் ஒரு கல் உப்பு போட்டேன். அதெல்லாம் கை வைத்தது ஆகாது.

மே 24, சனி

விடியலில் குடத்தில் தண்ணீர் விழுந்தது. எனக்கு உடனே விழிப்பு. நிரஞ்சனா எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்தில் இவர் குறட்டை. எழுந்துவிடலாம் என்று காலைக் கீழே வைத்த நேரத்தில் அவள் அறைக் கதவு திறந்தது. கல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம். தொட்டி நிரம்பிவிட்டது.

பெருமையாக இருந்தது. கொஞ்சம் வேறு என்னவோவாகவும் இருந்தது.

மே 28, புதன்

ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. நான் போடவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நாள். நேற்றே பிள்ளைகள் யூனிபார்ம் தேய்த்து வைத்துவிட்டார்கள். கபிலனுடைய கால்சட்டையில் மடிப்பு இரண்டு கோடாக இருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

இன்றைக்குப் பார்த்துத் தண்ணீரும் வந்தது. குடம் சத்தம் கேட்டது. நிரஞ்சனா அறையில் அசைவு இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் தண்ணீர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு பாத்ரூம் போக எழுந்தேன். எழுந்தவள் அப்படியே வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவளும் எழுந்து போனது காதில் விழுந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

தொட்டி காலி.

காலையில் அவர் மோட்டார் போட்டார். அது வெறும் காற்றை இழுத்து அலறியது. மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் ஒரு சாண் பழைய தண்ணீர். குழிக்குள் கைவிட்டுப் பார்த்தார். வால்வு மூடியிருந்தது.

நிரஞ்சனா பல் தேய்த்த பிரஷ்ஷோடு வந்து நின்றாள். "நான் தொறந்தேன்ப்பா. இந்தக் கையால தொறந்தேன். அது நெசமா திரும்புச்சு" என்றாள். அவர் திட்டவில்லை. தூக்கக் கலக்கத்தில் எதையோ திருப்பியிருப்பாய், போகட்டும் விடு என்றார். அது திட்டுவதைவிட மோசமாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது எப்படி மூடியது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வால்வு பழசு.

ஜூன் 4, புதன்

சமையலுக்குக் கேன் தண்ணீர். குளிக்க ஆளுக்கு அரை வாளி உப்புத் தண்ணீர், தெருமுனை அடி பம்பிலிருந்து. கபிலன் அடித்து அடித்துத் தூக்கி வந்தான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை அந்தப் பிள்ளை. முணுமுணுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபீசில் வைத்து எழுதிவிட்டேன். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை. ஒரே வரி. கைப்பையில் இருக்கிறது, கொடுப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டில் சொன்னபோது அவர் சரி என்றார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, வீடு ஓடவில்லை, நான் என்ன செய்ய முடியும்? மனசு லேசாகிவிட்டது என்று எழுதத்தான் இதைத் திறந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

நிரஞ்சனா பள்ளியிலிருந்து வந்ததும் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மூன்று நாளாக இதே வேலை. சரியாகச் சாப்பிடுவதில்லை.

அடுத்த வருடம் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்று போன தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். இன்று நான் துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் இங்கனயே காலேஜ் படிக்கேம்மா. சென்னை எல்லாம் வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஒரு வால்வத் தொறக்கத் துப்பில்ல. தொறந்துட்டதா நானே நெனச்சுக்கிட்டு வந்து தூங்கியிருக்கேன். வெளியூருல போயி இப்படி என்னத்தையாச்சும் செஞ்சு வச்சா?"

அதெல்லாம் இல்லை என்று சொன்னேன். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் நாலு பேரும் கூடத்தில் இருந்தோம். நிரஞ்சனா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நார் உரிக்காமல். உரிக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு வந்துவிட்டது. "அன்னைக்கு வால்வ நாந்தான் தொறந்தேன், நீ எந்திரிக்கிறதுக்கு முந்தி" என்றேன்.

யாருக்கும் உடனே புரியவில்லை. கபிலனுக்குத்தான் முதலில் புரிந்தது. வாசலுக்கு ஓடிப் போய்க் குழிக்குள் கைவிட்டுத் திருப்பிக் காட்டினான். அம்மா குழாயை அடைக்காமல் வால்வை மட்டும் திறந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அக்கா வந்தாள், இருட்டில் தடவினாள், எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் திருப்பினாள். திறந்திருக்கிற வால்வு மூடுகிற பக்கம்தானே திரும்பும். இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறார்கள், அதனால்தான் தொட்டி காலி என்றான்.

நிரஞ்சனா கத்தியைக் கீழே வைத்தாள். "அதான் கல்லு தள்ளிக் கெடந்துச்சா. நான் நகத்தவே இல்லையேன்னு எனக்கு ஞாவகம் இருந்துச்சும்மா. தூக்கத்துல மறந்துட்டேன்னு நெனச்சேன். எனக்கு மூளை கொழம்பிப் போச்சோன்னு பயந்துட்டேன்" என்றவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை நாளும் அவள் அந்தக் குழியில் தேடிக்கொண்டிருந்தது என்னுடைய கைகளைத்தான். கத்தித் தீர்ப்பாள் என்று நினைத்தேன், தீர்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போறதா இருந்தா முழுசாப் போம்மா. பாதி போகாத. நீ பாதி நின்னா எனக்கு எது நான் செஞ்சது, எது நீ செஞ்சதுன்னே தெரியல" என்றாள்.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தாலும், அந்தச் சிரிப்பில் வீடு பழையபடி ஆகிவிட்டது. கபிலன் தீர்ப்பே எழுதிவிட்டான். "அப்பன்னா அம்மாதான் அவுட்டு. நாங்க அவுட் இல்ல. தீர்ப்பு செல்லாது." இன்னொரு தடவை தண்ணீர் வரட்டும், அதை வைத்து முடிவு செய்வோம் என்றார்கள். பீன்ஸ் பொரியல் நாராகத்தான் இருந்தது. நாலு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

மனசு லேசாகிவிட்டது. இப்போது எழுதலாம்.

ஜூன் 10, செவ்வாய்

என்னை நம்பாமல் கபிலன் நேற்றே எங்கள் அறை வாசலில் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துவிட்டான். தாண்டிப் போனால் மிதிபடுவேன், மிதித்தால் கத்துவேன் என்றான்.

தண்ணீர் வந்தது. குடம் சத்தம் கேட்டது. போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். நிரஞ்சனா போய் வால்வைத் திறந்துவிட்டு வந்து தூங்கிவிட்டாள், தொட்டி நிரம்பி வாசல் வரை வழிந்து வீணாய்ப் போயிற்று. திட்ட வாயெடுத்தேன். சரி, அடுத்த தடவை வழிவதற்கு முன்னால் எழுந்து அடைக்கத் தெரிந்துகொள்வாள்.

ஜூன் 12, வியாழன்

கைப்பையில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி வேலையில் சேர வேண்டும். வீட்டில் எல்லாரையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மேலாளர் கேட்டார். அவர்கள்தான் என்னைச் சமாளித்தார்கள் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று பேரும் வந்தார்கள். நிரஞ்சனா கட்டிக் கொடுத்த புளிச்சோறு பையில் இருந்தது. நான் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்: பால் பொங்கும், பார்த்துக்கொள், அப்பா மாத்திரையை மாற்றிப் போட்டுவிடுவார், கபிலனுக்கு வேர்க்குரு வந்தால் பவுடர் அலமாரி இரண்டாம் தட்டில். பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன், இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கலாம் என்று சொல்ல மறந்துவிட்டார் மனுஷன்.

இன்றைக்குக் காலையில் தண்ணீர் வந்ததாம். மூட்டை கட்டுகிற அவசரத்தில் எனக்குக் குடம் சத்தமே கேட்கவில்லை. புதுக்கோட்டை தாண்டித்தான் அது நினைவுக்கு வந்தது.

ஜூன் 23, திங்கள்

பெண்கள் விடுதியில் தனி அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, என் புடவைகள், அவ்வளவுதான். ஒரு பொருளை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இதற்கே ஒரு பதவி உயர்வு கொடுக்கலாம்.

முதல் நாள் விடியலில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு நைட்டியோடு வராந்தாவுக்கு ஓடிவிட்டேன். எதிர் அறை டீச்சர் ஒருத்தி துணி ஊற வைத்துக்கொண்டிருந்தாள். இங்கே குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர் வருமாம். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரித்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் கபிலன் போன் செய்தான். கிரிக்கெட்டில் யார் யாரை எப்படி அவுட் ஆக்கினார்கள் என்று நீளமாகச் சொன்னான். நடுவில் போகிற போக்கில், "முந்தாநேத்துத் தண்ணி வந்துச்சும்மா, தொட்டி ஃபுல்லு" என்றான்.

முந்தாநேற்று. இரண்டு நாளாகிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா எழுந்தாளா என்று கேட்டேன். இல்லை, அவளுக்கு யூனிட் டெஸ்ட், நான்தான் எழுந்தேன் என்றான். இடி விழுந்தாலும் எழுந்திருக்காத பிள்ளை. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"அக்காதான். கல்ல நகத்துன ஒடனே திருப்பக் கூடாதாம். மொதல்ல தடவிப் பாத்து, தொறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கை வைக்கணுமாம். அதான் அம்மா பட்டுக்கோட்டைல இருக்காளே, இன்னும் எதுக்கு தடவிப் பாக்கணும்னு கேட்டேன். அம்மா எப்ப வந்து தொறந்துட்டுப் போவான்னு சொல்ல முடியாதுன்னா."

சிரித்த சிரிப்பில் எதிர் அறை டீச்சர் எட்டிப் பார்த்தாள். அவனும் அந்தப் பக்கம் சிரித்தான். பிறகு நிரஞ்சனா வாங்கினாள். ரசம் நன்றாக வருகிறதாம், அப்பா ரோஸ் சட்டையை மறுபடி போடுகிறாராம், சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறாளாம். நான் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை. சரிம்மா, வச்சிரட்டுமா என்றாள். வை என்றேன்.

ஊருக்கு அடுத்த சனிக்கிழமை போகிறேன். எனக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், வாசல் பக்கம் போகவே கூடாதாம்.

மணி எட்டுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை. துவைக்க இரண்டு புடவை கிடக்கிறது, சாயங்காலம் பார்த்துக்கலாம். மறுபடியும் படுக்கப்போகிறேன்.